ஐந்து இஞ்ச் ஜன்னல்

அந்தத் தெருவில் அவளுக்கு இஞ்ச் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் ஓரத்தில் ஒரு இஞ்ச் உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள். ஏன் என்று கேட்டால் கேட்டவர் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அடுத்த வருடம் அதே ஆள் அதே சட்டையை எடுத்துக்கொண்டு, துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று ஏதோ ஒரு கதையோடு வந்து நிற்பார். அக்கா கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, விட்டுவைத்த இஞ்சைப் பிரித்துக் கொடுப்பாள்.

தையலோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. உலை வைத்தால் ஒரு ஆள் கூடுதலாகச் சாப்பிடலாம். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் ஒன்பதரைக்கே வந்து நிற்பாள். கடன் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொன்னாலும், அந்த இல்லையிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் சொல்வாள்.

குடியிருந்தது மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில். முன்னறை, பின்னறை, சமையலறை. இதில் ஒரு கோளாறு உண்டு. வாசல் கதவு தெருப் பக்கம் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு சந்து வழியாகப் பின்னால் போய்த்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். தெருவைப் பார்த்து இருந்தது முன்னறை ஜன்னல் ஒன்றுதான். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல், கம்பி கிடையாது. கம்பி போடலாமா என்று கேட்டால், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட்டால் கட்டடமே இறங்கிவிடும் என்பதுபோல் பதறுவார்.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் மெஷின். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அக்காவுக்கு இந்தத் தெருவில் ஒரு முகம் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தன் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, கைப்பை வார் அறுந்துவிட்டது, ஒரு தையல் போட முடியுமா என்று கேட்டாள். ஜன்னல் வழியாகவே வாங்கி, போட்டு, ஜன்னல் வழியாகவே கொடுத்தாள். அன்று தொடங்கியது. இப்போது தெருவில் இருக்கும் எல்லா இடுப்பும் அக்காவுக்கு மனப்பாடம். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விசேஷம், யார் டயட்டில் இருப்பதாகப் பொய் சொல்கிறார் எல்லாமே அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். வெயில், காற்று, வருமானம், பேச்சுத்துணை நான்குக்கும் அவளுக்கு இருந்தது ஒரே வழி.

புருஷன் வாட்ச்மேன். நகரத்தில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கேட்டில் உட்கார்ந்திருப்பார். எந்தக் கார் எத்தனை மணிக்கு உள்ளே போனது, எந்த மேலாளர் குடையை விட்டுவிட்டுப் போனார் என்று எப்போது கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட ஞாபகசக்திக்காரர் தன் மதியச் சாப்பாட்டை மட்டும் தினமும் மறந்துவிட்டுப் போவார். கேரியர் கதவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவர் ஷூவை மாட்டி, தொப்பியைச் சரிசெய்து, அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார். சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்து ஜன்னலைக் கடக்கும்போது, அக்கா கேரியரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"தண்ணி வச்சியா?"

"வச்சிருக்கேன். மேல் தட்டைச் சாய்க்காம கொண்டு போங்க."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். இது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. தெருவில் சிலர் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதாகச் சொல்வார்கள், அது கொஞ்சம் மிகை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் எதிர்வீட்டு ஜெராக்ஸ்காரர் மூலமாகப் புயல் வந்தது. குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியவர், தன் வீட்டு ஜன்னல் கண்ணாடி சுவரோரமாகப் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். தள்ளு ஜன்னலில் உள்பக்கம் ஒரு சின்னக் கொக்கி மட்டும் இருந்தது. திருடன் அதோடு மல்லுக்கட்டவே இல்லை. கண்ணாடியை அப்படியே மேலே தூக்கிப் பள்ளத்திலிருந்து கழற்றி இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய் லேப்டாப்பையும் மனைவியின் வளையலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"கண்ணாடியில ஒரு கீறல் இல்லக்கா. என் பையன்கூட அவ்வளவு பதவிசா எதையும் எடுத்து வச்சது இல்ல" என்று ஜெராக்ஸ்காரர் அக்காவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றவில்லை. நேராக முன்னறைக்குப் போய், ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அது குழந்தை கையைத் தூக்குவதுபோல் லேசாக எழும்பியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மெஷினைப் பின்னறைக்குத் தள்ளு. நாளையிலேர்ந்து இந்த ஜன்னலைத் திறக்க வேண்டாம்."

"பின்னறையில பகல்லயே விளக்குப் போடணுங்க. அந்தச் சந்துக்குள்ள யாரு வந்து துணி குடுப்பாங்க?"

"வர்றவங்க வரட்டும். ஊருக்கெல்லாம் காவல் காக்குறவன் வீட்டுல திருடன் புகுந்தான்னா நான் கேட்டுல எந்த மூஞ்சியை வச்சிட்டு உக்காருறது? அதுவும் அந்தக் கல்யாணத் துணி வேற வீட்டுல கிடக்கு."

கல்யாணத் துணி கிடக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தெருப் பெண்ணுக்கு. உடம்பு முழுக்க மணி கோத்த உடை. பெண்ணின் அம்மா, வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தது. அது போனால் அக்கா அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆனாலும் அன்று அக்காவின் கவலை துணி அல்ல. பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. அங்கே மெஷினோடு உட்கார்ந்தால் நாளெல்லாம் ஒரு மனித முகம் பார்க்க முடியாது. புருஷன் பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது, பாசத்தில் பேசுகிறார் என்றும் தெரிந்தது. தெரிந்து என்ன, அழுகை வரத்தான் செய்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஜன்னலுக்குப் பூட்டுப் போடலாங்க. திறக்கவே கூடாதுன்னு சொல்லாதீங்க."

வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தார். மனைவி மூக்கை உறிஞ்சினால் அவருக்கு யோசனை வரும்.

"சரி, போடு. ஆனா ஒண்ணு. அதுக்கப்புறமும் ஏதாவது போச்சுன்னா மெஷின் பின்னறைக்குத்தான்."

மறுநாள் பூட்டுக்காரர் வந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஜன்னலை மருத்துவர் மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தார். சுவரைத் தொடாமல், ஜன்னல் சட்டத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றதும் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு மூச்சு வந்தது.

"மூணு வேலைம்மா. மேல இந்தப் பள்ளத்துல ஒரு கட்டை வச்சு முடுக்கிட்டா கண்ணாடியைத் தூக்க முடியாது. வெளிய போறப்ப இழுத்து மூடிட்டு இந்தச் சாவிப் பூட்டைப் போட்டுடுங்க. வீட்டுல இருக்கறப்ப இந்த ஸ்டாப்பர். கீழ்ப் பள்ளத்துல எங்க வேணும்னாலும் வச்சுச் சாவியால முடுக்கலாம். கண்ணாடி அது வரைக்கும்தான் நகரும்."

"எவ்வளவு திறக்கலாம்ணே?"

"நாலு இஞ்ச் வச்சுக்குங்க. மடிச்ச துணி தாராளமாப் போகும்."

"நாலு போதும்" என்றார் வாட்ச்மேன். அன்று அதற்காகவே அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

அக்கா கழுத்தில் கிடந்த அளவு டேப்போடு சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அஞ்சு வைங்கண்ணே" என்றாள்.

"எதுக்கு அந்த ஒரு இஞ்ச்?" வாட்ச்மேனுக்குக் குரல் ஏறியது.

"இருக்கட்டும். தேவைப்படும்."

"ஜன்னலுக்குமா தையலுக்கு விடுவே?"

பூட்டுக்காரர் புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிடுகிறவர் இல்லை. தலையை மட்டும் நுழைத்தார். ஸ்டாப்பரை ஐந்து இஞ்சில் முடுக்கிவிட்டு, தெருப்பக்கம் போய்த் தன் தலையை அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தார். காதோடு நின்றது. "தலை போகலைன்னா உடம்பு போகாது. அஞ்சு ஆபத்து இல்ல. ஆனா கை போகும், அதைப் பாத்துக்குங்க. சாவியையும் ஜன்னல் பக்கத்துல ஆணியில மாட்டி வைக்காதீங்க. முக்காவாசிப் பேரு பூட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருடனுக்கு வசதியா மாட்டி வைக்கிறாங்க" என்றார்.

அக்கா சாவியைத் தன் டேப்பின் முனையில் கட்டிக்கொண்டாள். டேப் அவள் கழுத்தை விட்டு இறங்குவது தூங்கும்போது மட்டும்தான். பூட்டுக்காரருக்கு அந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. துணி வந்தது, துணி போனது. காலையில் கேரியரும் ஐந்து இஞ்ச் வழியாக வெளியே போயிற்று. ஜெராக்ஸ்காரரும் தன் வீட்டுக்கு அதே பூட்டைப் போட்டுக்கொண்டு, தான்தான் அதைக் கண்டுபிடித்தவர்போல் வாடிக்கையாளர்களிடம் பேச ஆரம்பித்தார்.

கல்யாணத் துணி முடிகிற கட்டத்தில் நூல் தீர்ந்துபோயிற்று. தெருமுனைக் கடைதான். போய்விட்டு வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று நினைத்தாள் அக்கா. ஸ்டாப்பர் இருக்கிறதே, இழுத்து மூடிப் பூட்டுவானேன் என்று ஐந்து இஞ்சை அப்படியே விட்டுவிட்டு, வாசல் கதவை மட்டும் பூட்டிக்கொண்டு போனாள். கடையில் நூலின் நிறத்தைப் பார்த்ததோடு நில்லாமல், கடைக்காரியின் நாத்தனார் விஷயத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கேதான் பிசகியது.

திரும்பி வந்தபோது ஜன்னல் கண்ணாடியெல்லாம் கைரேகை. தள்ளிப் பார்த்திருக்கிறான், ஸ்டாப்பர் விடவில்லை. தூக்கிப் பார்த்திருக்கிறான், மேல் கட்டை விடவில்லை. அக்கா உள்ளே ஓடினாள். கல்யாணத் துணி உள்சுவரில் ஒரு மணிகூட உதிராமல் தொங்கியது. மெஷின் இருந்தது, ரேடியோ இருந்தது. அப்பாடா என்று உட்காரப் போனவள், ஜன்னலோரத்து ஆணியைப் பார்த்தாள். இடுப்பில் பிரித்து விடுவதற்காக மாட்டியிருந்த வாட்ச்மேனின் காக்கிக் கால்சட்டையைக் காணோம்.

அந்தச் செய்தி தெருவில் எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. காவல்காரன் வீட்டில் காவல்காரன் கால்சட்டையே திருட்டு. ஜெராக்ஸ்காரர் முதல் தடவையாகத் தன் லேப்டாப்பை மறந்து சிரித்தார். போதாக்குறைக்கு, பொழுது சாயும் முன்பே கால்சட்டை கிடைத்துவிட்டது. தெருமுனைக் குப்பைத்தொட்டியின் மேல் விரித்துப் போட்டிருந்தது.

"இடுப்பைப் பாத்திருப்பான் அண்ணே. ரெண்டு பேரு சேந்து போட வேண்டியிருக்கேன்னு விட்டுட்டுப் போயிருப்பான்" என்று ஜெராக்ஸ்காரர் அதை வாட்ச்மேன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். வாட்ச்மேன் அதை வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உள்ளே வந்து, ஆணியிலிருந்து ஜன்னல் வரைக்கும் கையால் சாண் போட்டார்.

"நாலு இஞ்சா இருந்தா அவன் கை தோள் வரைக்கும் உள்ள வந்திருக்காது. துணி எட்டியிருக்காது. உன் கூடுதல் இஞ்சு பண்ணின வேலை இது."

"மூடிப் பூட்டாம போனது என் தப்புதாங்க. ஆனா பூட்டு அசையலையே. அது இல்லைன்னா கல்யாணத் துணியும் போயிருக்கும், மெஷினும் போயிருக்கும்."

"அதனாலதான் ஜன்னலை இன்னும் விட்டு வைக்கறேன். என்ன சொன்னேன், ஏதாவது போச்சுன்னா பின்னறைன்னு சொன்னேனா இல்லையா? கடைசியாக் கேக்கறேன். நாலு இஞ்சா, பின்னறையா?"

அக்காவுக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தெருவே பார்த்துச் சிரித்துவிட்ட ஒரு மனிதரிடம் இன்றைக்கு எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசியதாகத்தான் ஆகும். பின்னறைச் சுவரை நினைத்துக்கொண்டாள்.

"நாலே இருக்கட்டும்" என்றாள். டேப் முனையிலிருந்த சாவியால் ஸ்டாப்பரைத் தளர்த்தி, ஒரு இஞ்ச் நகர்த்தி, அவர் கண் முன்னாலேயே முடுக்கினாள். கல்யாணத் துணியை மட்டும் அன்றைக்கே முடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்ணின் அம்மாவிடம் சேர்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை. வாட்ச்மேன் ஷூ மாட்டினார், தொப்பியைச் சரிசெய்தார், மேஜைமேல் இருந்த கேரியரைத் தாண்டிக்கொண்டு போனார். சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்து ஜன்னல் முன்னால் நின்றார். அக்கா கேரியரை நீட்டினாள். அது இடைவெளியில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் வெளியிலிருந்து இழுத்தார். அவள் உள்ளிருந்து தள்ளினாள். கேரியர் அசையவில்லை.

"சாய்ச்சுக் குடு."

"சாய்ச்சா மேல் தட்டு ஊத்திடும்."

"ஒவ்வொரு தட்டாக் குடேன்."

"எந்தத் தட்டும் போகாதுங்க. எல்லாம் ஒரே அகலம். நாலரை இஞ்ச்."

வாட்ச்மேன் கேரியரைப் பார்த்தார். பிறகு இடைவெளியைப் பார்த்தார். அன்றைக்கு அவள் டேப்போடு சமையலறைக்குள் போனதும், பாத்திரம் நகர்ந்த சத்தமும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கார் நம்பரையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர் ஆயிற்றே. அவர் காது மடல் சிவந்தது.

"இதை அளந்துதான் அஞ்சுன்னியா?"

"பின்ன, சும்மாவா சொன்னேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"பூட்டுக்காரர் முன்னாடி, இவருக்குத் தினமும் சோறு மறந்துபோகும்னு சொல்லச் சொல்றீங்களா?"

எதிர்வீட்டில் ஜெராக்ஸ்காரர் கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப என்ன ஆயிடுச்சு. சுத்தி வந்து கதவுல வாங்கிக்குங்க. நாளையிலேர்ந்து போறப்பவே கையில எடுத்துட்டுப் போயிடுங்க. கதவுகிட்ட மேஜையிலதான இருக்கு. அப்புறம் நாலு இஞ்சே போதும்."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூட்டுக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாட்ச்மேன் நகரவில்லை. தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த பஸ்ஸை அவர் விட்டதில்லை. அது வந்தது, நின்றது, போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த மேஜையில கேரியர் இருக்கறது என் கண்ணுக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

அக்கா கேரியரைப் பிடித்தபடி நின்றாள்.

"நாள் பூரா கேட்டுல உக்காந்து கண்டவன் மூஞ்சியெல்லாம் பாக்கணும். கதவுல வாங்கிட்டா நீ அப்படியே சமையலுக்குள்ள போயிடுவே. இங்கன்னா, நான் பஸ் ஏறுற வரைக்கும் நின்னு பாப்பே."

ஊரில் உள்ள இடுப்பெல்லாம் அளந்தவளுக்கு, இத்தனை வருடம் தன் வீட்டு மனிதருக்குள் மடித்து விட்டிருந்த ஒரு இஞ்ச் தெரியாமல் போயிற்று. சந்தோஷத்தில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேரியரை மெஷின்மேல் வைத்துவிட்டு, டேப்பை இழுத்துச் சாவியை எடுத்தாள். அவசரத்தில் சாவி இரண்டு தடவை நழுவியது. ஸ்டாப்பர் பழைய இடத்துக்கே போனது.

"இருங்க, இன்னும் ஒரு வேலை இருக்கு. கையை உள்ள விடுங்க. தோள் வரைக்கும்."

"எதுக்கு?"

"விடுங்கன்னா."

வாட்ச்மேன் தெருவில் நின்று, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கையை ஐந்து இஞ்சுக்குள் விட்டுத் துழாவினார். ஜெராக்ஸ்காரர் ஷட்டரை விட்டுவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் எக்குங்க அண்ணே, திருடன் இதைவிட நல்லா எக்கியிருப்பான்" என்று உற்சாகப்படுத்தினார். வாட்ச்மேனின் விரல் நுனி எட்டிய இடமெல்லாம் அக்கா துணியில் கோடு போடும் சாக்பீஸால் சுவரிலும் தரையிலும் குறி வைத்தாள். பிறகு தன் வழக்கப்படி அதற்கு ஒரு சாண் தள்ளி அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். ஆணியைப் பிடுங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அடித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மெஷினைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. தெருமுனைக்குப் போனாலும் இழுத்து மூடிப் பூட்டிவிட்டுத்தான் போவது என்று அக்கா புருஷன் கையில் அடித்துச் சொன்னாள். அவர் கை அப்போதும் உள்ளேதான் இருந்தது.

வாட்ச்மேன் அன்று வேலைக்குத் தாமதமாகப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் பூட்டு வேலை என்று சொன்னாராம்.

அந்த ஸ்டாப்பர் இப்போதும் ஐந்து இஞ்சில்தான் இருக்கிறது. சாக்பீஸ் கோடு அழிய அழிய அக்கா மறுபடி போடுகிறாள். காலையில் கேரியர் கதவுக்குப் பக்கத்து மேஜைமேல், முன்னைவிடக் கொஞ்சம் நடுவிலேயே, கண்ணுக்கு நேராக இருக்கும். வாட்ச்மேன் ஷூவை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார். அக்கா கேரியரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவாள்.